எபிகாவின் ‘தி ஃபேன்டம் அகனி’: சேர்ந்திசையும் கிட்டாரும் உண்மையிலேயே கலந்திருக்கின்றனவா?

கேள்வி: வயலின் மாணவன்

அனைவருக்கும் வணக்கம். எட்டு ஆண்டுகளாக மேற்கத்திய முறையில் வயலின் பயின்று வருகிறேன். விவால்டி, பாக், டிவோர்ஷாக் என்று பழகிய காது என்னுடையது. ஹெவி மெட்டல் பக்கம் போனதே இல்லை. சென்ற மாதம் நண்பர் ஒருவர், நெதர்லாந்தைச் சேர்ந்த எபிகா குழு 2003இல் வெளியிட்ட முதல் ஆல்பமான ‘தி ஃபேன்டம் அகனி’யைக் கேட்டே ஆக வேண்டும் என்றார். ‘அடிட்டா’ என்ற முன்னிசையில், சேர்ந்திசைக் குழு லத்தீன் மொழியில் பாடி ஒன்றரை நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறது. அதை அன்று இரவு மட்டும் ஐந்தாறு முறை கேட்டிருப்பேன்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். கிட்டாரும் டிரம்ஸும் முழு வேகத்தில் நுழைந்ததும் வயலின்களைத் தேட வேண்டியிருக்கிறது. செல்லோ சுத்தமாகக் காணாமல் போகிறது. போதாக்குறைக்கு, குழுவின் பாடகி சிமோன் சிமோன்ஸ் அவ்வளவு தெளிவாகப் பாடிக்கொண்டிருக்கும்போது நடுவே ஓர் ஆண்குரல் உறுமத் தொடங்குகிறது. என் சந்தேகங்கள் இரண்டு. இதில் கேட்பது உண்மையான வாத்தியக் குழுவா, கீபோர்டா? அந்த உறுமலுக்கு இசையில் ஏதேனும் வேலை உண்டா, அல்லது மெட்டல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்ற பழக்கமா? செவ்வியல் இசையை வெறும் மேல்பூச்சாகத் தடவியிருக்கிறார்களோ என்ற ஐயம் எனக்கு நீங்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: கருங்குயில்

நண்பரே, இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது விளங்கினால் மேல்பூச்சா என்ற ஐயத்துக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

உறுமுபவர் மார்க் யான்சென், குழுவின் கிட்டார் கலைஞர். 2002இல் ஆஃப்டர் ஃபாரெவர் குழுவிலிருந்து விலகி இந்தக் குழுவை அமைத்தவரும் அவர்தான். முதலில் சஹாரா டஸ்ட் என்றிருந்த பெயரை, அமெரிக்கக் குழுவான கேமலாட்டின் ஆல்பப் பெயரைப் பார்த்து எபிகா என்று மாற்றிக்கொண்டார்கள். நிறுவனமாக இறுகிவிட்ட மதம் மனிதரை அணைத்தபடியே எப்படி மூச்சுத் திணறச் செய்கிறது என்பதைப் பற்றி ஒரு பாடல் வரிசையை அவர் பழைய குழுவின் முதல் ஆல்பத்திலேயே, அதாவது 2000இலேயே தொடங்கியிருந்தார். அதன் நான்கு, ஐந்து, ஆறாம் பகுதிகள் இந்த ஆல்பத்தில் வருகின்றன. நான்காம் பகுதியான ‘க்ரை ஃபார் த மூன்’ பாடலை நீங்கள் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும்.

கத்தோலிக்கத் திருச்சபையில் பாதிரிமார் சிலர் குழந்தைகளிடம் நடத்திய பாலியல் வன்கொடுமையும், அதை மூடி மறைத்த மௌனமும்தான் அந்தப் பாடலின் பொருள். அதன் பல்லவியில் ‘என்றென்றைக்கும்’ என்ற பொருள்படும் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அது கிறிஸ்தவ ஜெபங்களின் முடிவில், ஆமென் சொல்வதற்கு முன்னால் வரும் தொடர் என்பதை நினைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள். சேர்ந்திசை என்பது நூற்றாண்டுகளாகத் திருச்சபை வளர்த்தெடுத்த குரல். அந்தக் குரலையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, திருச்சபையின் மீது குற்றம் சுமத்த வைத்திருக்கிறார்கள். கிட்டாரை மறைத்துவிட்டுக் கேட்டாலும் அந்தச் சேர்ந்திசை அங்கே இருந்தாக வேண்டும். அதை எடுத்துவிட்டால் பாட்டுக்கு உயிர் இல்லை. இதை மேல்பூச்சு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி உறுமல். பெண்ணின் தூய குரலையும் ஆணின் உறுமலையும் எதிரெதிரே நிறுத்துவது, இருளும் துயரமும் தோய்ந்த மெட்டல் வகையான காதிக் மெட்டலின் பழைய வழக்கம். நார்வேயின் தியேட்டர் ஆஃப் ட்ராஜெடி குழு 1995இல் வெளியிட்ட முதல் ஆல்பத்திலேயே அதை நிலைநாட்டிவிட்டது. ‘அழகியும் மிருகமும்’ என்று அந்த முறையைச் சொல்வார்கள். எபிகாவில் அது வெறும் அலங்காரமாக நின்றுவிடவில்லை. சிமோன் துயரத்தைப் பாடுகிறார், சேர்ந்திசை தீர்ப்பைப் போல ஒலிக்கிறது, கோபம் மட்டும் யான்செனின் தொண்டைக்கு வருகிறது. சுரத்துக்குள் அடங்காத குரல் என்பதால் அது ஏறத்தாழ ஒரு தாள வாத்தியம்போல வேலை செய்கிறது. சொற்களைப் பாடுவதைவிட அடித்து இறக்குகிறது என்று சொல்லலாம். ஆல்பம் வெளிவந்தபோது சிமோனுக்கு வயது 18 என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அந்த மெஸ்ஸோ சொப்ரானோ (பெண்குரல்களில் நடுத்தர உயரம் கொண்டது) குரலில் அவசரமே இல்லை.

இன்னொன்று: அடிட்டா என்றால் பழைய கிரேக்கக் கோயில்களில் பிறர் நுழையக்கூடாத உள்ளிடம், நம் மொழியில் கருவறை. ஆல்பத்தின் வாசலிலேயே அந்தப் பெயரை வைத்திருப்பது தற்செயல் அல்ல என்பது என் எண்ணம்.

மறுமொழி: ஒலிப்பதிவு அறை

செல்லோ காணாமல் போவதற்கு ஒலியியல் காரணம் உண்டு. வழக்கமான சுருதியில் கிட்டாரின் தடித்த தந்தி ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது; செல்லோவின் தடித்த தந்தி 65 ஹெர்ட்ஸில். ஆக, இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. கிட்டார் ஒலியை டிஸ்டார்ஷனில் சிதைக்கும்போது ஒவ்வொரு சுரத்துடனும் ஏராளமான மேல்சுரங்கள் சேர்ந்து எழுந்து, வயலின் வாழும் இடத்தையும் அடைத்துக்கொள்கின்றன. இந்தப் போட்டியில் வில் கொண்டு வாசிக்கும் கருவி வெல்லவே முடியாது. எனவே கிட்டாரைத்தான் விலகி நிற்கச் செய்ய வேண்டும்.

இந்த ஆல்பத்தில் அது எப்படி நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். சேர்ந்திசையும் வயலினும் நீண்ட சுரங்களைப் பிடிக்கும் இடங்களில், கிட்டார் கலைஞர் வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தந்தி மீது வைத்து ஒலியைத் துண்டு துண்டாக நறுக்குகிறார். அந்தத் துண்டுகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில்தான் வயலின் நமக்குக் கேட்கிறது. அதை ஹெட்ஃபோனில் கேளுங்கள். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் இந்த நுட்பம் பிடிபடாது.

உங்கள் முதல் கேள்விக்கு விடை: இரண்டும்தான். சேர்ந்திசை உண்மையான மனிதக் குரல்; வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் கொண்ட சிறிய குழு ஒன்றும் நேரில் வாசித்திருக்கிறது. பித்தளை ஊதுகருவிகளைப் போல ஒலிப்பவை கீபோர்டின் வேலை. சாஷா பேத் தயாரிப்பில், ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் நகரில் உள்ள ஸ்டுடியோவில் பதிவானது. உயிருள்ள வில்லின் உரசலைக் கீபோர்டின் அகலத்தோடு ஒட்டுவது அவர் கைவந்த கலை. ஒட்டு தெரிகிற இடங்களும் உண்டு. பித்தளை ஒலி சில இடங்களில் தட்டையாக இருக்கிறது.

மறுமொழி: பழைய கேசட்

மேலே இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கலப்பு எல்லாப் பாடல்களிலும் ஒரே தரத்தில் இல்லை. செப்டம்பர் 11 தாக்குதலைப் பற்றிய ‘ஃபசாட் ஆஃப் ரியாலிட்டி’யில் அப்போதைய பிரிட்டன் பிரதமர் டோனி பிளேயரின் உரைத் துணுக்குகளைச் செருகியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நான் இசையிலிருந்து வெளியே வந்துவிடுகிறேன். அதற்கு நேர்மாறாக, நெதர்லாந்து அரசியல்வாதி பிம் ஃபோர்டாய்ன் 2002 மே 6 அன்று, தேர்தலுக்கு ஒன்பது நாட்களே இருந்த நிலையில், சுட்டுக் கொல்லப்பட்டதைப் பாடும் ‘ஃபெயின்ட்’ பாடலில் பியானோவும் நரம்பிசையும்தான் முன்னே நிற்கின்றன. வயலின் பயில்பவர் அங்கிருந்து தொடங்கியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

1969இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் டீப் பர்ப்பிள் குழு ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவுடன் வாசித்த பதிவையும் கேளுங்கள். அதில் ராக் குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் பெரும்பாலும் மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன. எபிகாவில் இரண்டும் ஒரே நேரத்தில் பேசுகின்றன. கடினமும் அதுதான், எனக்குப் பிடித்ததும் அதுதான்.

மேல்பூச்சா என்று சோதிக்க எளிய வழியும் இருக்கிறது. 2008 ஜூன் மாதம் ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸ் நகரில் எபிகா குழு 40 பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவுடனும் 30 பேர் கொண்ட சேர்ந்திசையுடனும் மேடையேறியது. முதல் பாதியில் வெர்டி, விவால்டி, டிவோர்ஷாக், கிரீக் ஆகிய செவ்வியல் இசையமைப்பாளர்களின் படைப்புகள். பிறகு சொந்தப் பாடல்கள். வெர்டியைக் கேட்ட அதே அமர்வில் ‘க்ரை ஃபார் த மூன்’ வரும்போது அது சிறுத்துப் போகிறதா என்று நீங்களே பாருங்கள். 2009இல் ‘தி கிளாசிக்கல் கான்ஸ்பிரசி’ என்ற பெயரில் அந்த நிகழ்ச்சி வெளியாயிற்று.

கேட்டவரின் பதில்: வயலின் மாணவன்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு ஹெட்ஃபோனுடன் ‘ஃபெயின்ட்’டில் தொடங்கி, ‘க்ரை ஃபார் த மூன்’ பாடலை மூன்று முறை கேட்டேன். கிட்டாரின் நறுக்கலுக்கு நடுவே வயலின் எட்டிப் பார்ப்பதை இரண்டாம் முறையில் பிடித்துவிட்டேன். மூன்றாம் முறை, ஒலிப்பதிவு அறை நண்பர் சொன்னபடி கிட்டாரை மட்டுமே பின்தொடர்ந்தபோது, அது எங்கெங்கே வழிவிடுகிறது என்பதும் தெரிந்தது. ஜெப முடிவில் வரும் அந்தச் சொற்களைப் பொருள் அறிந்து கேட்டபோது நெஞ்சு கனத்துவிட்டது. உறுமலோடு இன்னும் முழுமையாகச் சமாதானமாகவில்லை என்றாலும், அது வரும் இடத்தில் இப்போது பாடலைத் தள்ளிவிட்டுப் போவதில்லை. மிஷ்கோல்ட்ஸ் பதிவை இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு, வெர்டிக்குப் பக்கத்தில் அது எப்படி நிற்கிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.