பொன்மலை வீடு: ஏப்ரல் 23, வியாழன்

கார்த்தி: அம்மா துபாயில் விமானம் ஏறிவிட்டார்கள். இங்கே மாலை 4:10க்கு இறங்குகிறார்கள். செந்தில் அண்ணா, நீங்கள்தானே கென்னடி விமான நிலையத்துக்குப் போகிறீர்கள்? எனக்கு 7 மணி வரை டியூட்டி.

திவ்யா: அத்தையிடம் 2 பெட்டி. ஒன்று முழுக்க வடகமும் பொடியும். பெரிய வண்டியில் போங்கள் அண்ணா.

செந்தில்: நான்தான் போகிறேன். கொஞ்சம் தாமதமாகலாம். இன்று ஜானி இறந்த நாள். கல்லறைக்குப் போய்விட்டு வருகிறேன்.

பாலு மாமா: 🙏🙏🙏

பாலு மாமா: ஆழ்ந்த இரங்கல். ஓம் சாந்தி.

பெரியப்பா: எந்த ஜானி?

மீனா: ஐயோ, நம் ஜானி மாஸ்டரா? ரயில்வே காலனி?

பாலு மாமா: ஆஸ்திரேலியா போனாரே, அவர்தான். தங்கமான மனிதர். கிறிஸ்துமஸுக்கு நமக்குக் கேக் வராமல் இருந்ததே இல்லை.

மீனா: நியூயார்க்கில் ஏன் அடக்கம் செய்தார்கள்?

பெரியப்பா: மகன் அங்கே இருப்பான்.

செந்தில்: இல்லை, இல்லை. ஜானி மாஸ்டர் பெர்த்தில் நன்றாக இருக்கிறார். புத்தாண்டுக்குப் பேசினேன். நான் சொல்வது ஜானி தண்டர்ஸ். இந்த ஊர்க்காரர், கிடார் வாசித்தவர். 1991இல் இதே நாள் இறந்தார். இன்றோடு 35 வருடம்.

பாலு மாமா: அப்பாடா. மாஸ்டருக்கு ஆயுசு நூறு.

பெரியப்பா: செத்து 35 வருடம் ஆனவனுக்காக ராஜி பெட்டியோடு வாசலில் நிற்க வேண்டுமா?

செந்தில்: நிற்க விடமாட்டேன் பெரியப்பா. கல்லறைத் தோட்டம் இங்கே ஃப்ளஷிங்கில்தான், மவுன்ட் செயின்ட் மேரி. பிள்ளையார் கோயிலிலிருந்து காரில் பத்து நிமிடம். அவர் வளர்ந்ததும் இதே குவீன்ஸில்தான். 74ஆம் தெருவில் பருப்பும் புளியும் வாங்குகிறோமே, அந்த ஜாக்சன் ஹைட்ஸ். நான் வந்த புதிதில் வாடகைக்கு இருந்த பேட்டை. இத்தாலிய வம்சம், நிஜப் பெயர் ஜான் ஜென்சேல், பிறந்தது 1952. அப்பா சின்ன வயதிலேயே விட்டுப் போய்விட்டார். அம்மாவும் அக்காவும் வளர்த்த பிள்ளை. முதலில் பேஸ்பால் பைத்தியம், அப்புறம் கிடார். கெய்ரோவில் பிறந்து வந்த சில்வைன், கொலம்பியாவில் பிறந்து வந்த பில்லி மூர்சியா, இரண்டு பேரும் இங்கே குவீன்ஸில் இவருக்குச் சேக்காளிகள். எல்லாரும் நம்மைப் போல வெளியிலிருந்து வந்த வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் தொடங்கியதுதான் நியூயார்க் டால்ஸ். பொம்மைகளைப் பழுது பார்க்கும் கடை ஒன்று இருந்தது, அதன் பலகையைப் பார்த்து வைத்த பெயர்.

பாலு மாமா: பொம்மைக்கு ரிப்பேர் கடையா 😀

திவ்யா: சனிக்கிழமை சோறூட்டுக்கு கோயில் கேன்டீனில் தயிர்சாதம் எத்தனை பேருக்கு? இன்றைக்குள் சொல்ல வேண்டும்.

மீனா: 40

கார்த்தி: 55. அம்மா விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரரையும் அழைத்திருப்பார்கள்.

செந்தில்: [படம்]

பெரியப்பா: இது யார், பெண்ணா?

செந்தில்: அவர்தான். 1973இல் வந்த முதல் இசைத்தட்டின் அட்டைக்காக எடுத்தது. ஐந்து ஆண்களும் உதட்டுச் சாயம் பூசி, உயரக் குதிகால் செருப்பு போட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பெரியப்பா: வேஷக்காரன்.

மீனா: நம் ஊர்க் கூத்தில் பாஞ்சாலி கட்டுவதும் ஆண்தானே பெரியப்பா. நீங்கள்தான் எங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினீர்கள்.

பெரியப்பா: அது வேறு.

செந்தில்: வாசிப்பைச் சொல்கிறேன், கேளுங்கள். மஞ்சள் நிற கிப்சன் கிடார், அந்தக் கம்பெனி மாணவர்களுக்காக மலிவாகச் செய்தது. சத்தத்தை வாங்கிக் கொடுக்கும் பிக்கப் அதில் ஒன்றே ஒன்று. வேகமாக வாசித்து வித்தை காட்டமாட்டார். ஒரு சுரத்தை வளைத்து இழுப்பார். அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே விட்டுவிடுவார். கேட்கிறவனுக்கு மிச்சத்தைத் தானே பாட வேண்டும் போல இருக்கும். லண்டனில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற குழுவின் ஸ்டீவ் ஜோன்ஸ் வாசிப்பு இவரைக் கேட்டு வந்ததுதான். பங்க் என்று ஊரெல்லாம் சொல்லத் தொடங்கும் முன்பே அது குவீன்ஸில் இருந்தது.

வசந்தா சித்தி: முன்னாலேயே விடுவது.

வசந்தா சித்தி: அவரும் அப்படித்தான்.

மீனா: சித்தி! குழுவில் பேசி எத்தனை மாதம் ஆயிற்று ❤️

பாலு மாமா: [பகிரப்பட்ட செய்தி] முருங்கைக்கீரையை வாரம் மூன்று நாள் சாப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு...

மீனா: மாமா, இப்போது வேண்டாம்.

பெரியப்பா: செந்தில், உன் பையனும் கிடார் என்று சுற்றுகிறானாமே. காலேஜ் வேண்டாம் என்கிறானாம்.

திவ்யா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி: யார் சொன்னது மாமா?

பெரியப்பா: சொன்னார்கள்.

செந்தில்: நிதினுக்கு இடம் கிடைத்துவிட்டது, ஆகஸ்டில் சேருகிறான். மாலையில் வாசிக்கிறான். அறையில் ஜானி படம் ஒட்டியிருக்கிறான், அதைப் பார்த்து யாரோ கதை கட்டியிருக்கிறார்கள். நானும் அவனும் ஜானி வாழ்க்கையை உட்கார்ந்து பேசியிருக்கிறோம். ஒன்றையும் மறைக்கவில்லை. பில்லி மூர்சியா 1972இல் லண்டனில் ஒரு விருந்தில் மாத்திரையும் சாராயமும் கலந்து செத்தபோது வயது 21, இசைத்தட்டு ஒன்றுகூட வரவில்லை. அதன் பிறகும் ஜானி ஹெராயினுக்குள் போனார். 1975இல் ஃப்ளோரிடா பயணத்தின் நடுவில் குழுவை விட்டார். டிரம்ஸ் வாசித்த ஜெரி நோலன் கூடவே வந்துவிட்டார். இரண்டு பேரும் ஹார்ட்பிரேக்கர்ஸ் என்று புதிதாகத் தொடங்கினார்கள். 1976 டிசம்பரில் இங்கிலாந்தில் செக்ஸ் பிஸ்டல்ஸோடு சுற்றப் போனால், அந்தப் பையன்கள் தொலைக்காட்சியில் கெட்ட வார்த்தை பேசிவிட, ஊர் ஊராகக் கச்சேரி ரத்து. 1977இல், நம் பிள்ளையார் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்த அதே வருடம், ஒரு வழியாக இசைத்தட்டு வந்தது. கேட்டால் சேற்றுக்குள்ளிருந்து வருவது போலச் சத்தம். அந்தக் கோபத்தில் நோலனும் போய்விட்டார்.

பாலு மாமா: பாவம்

செந்தில்: கடைசிப் பத்து வருடம்தான் எனக்குத் தாங்காது. பாதிப் பேர் பாட்டுக் கேட்க வரவில்லை. மேடையில் விழுவாரா, இன்றைக்கே செத்துவிடுவாரா என்று பார்க்கக் காசு கொடுத்து வந்தார்கள்.

வசந்தா சித்தி: ஆமாம்.

வசந்தா சித்தி: திருவெறும்பூர் கல்யாணத்தில் அவரை அப்படித்தான் பார்த்தார்கள்.

வசந்தா சித்தி: ஒரு பையன் கையைக் காட்டிச் சிரித்தான். அவர் கை நடுங்கியது. ஆனால் பாட்டு ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை.

கார்த்தி: 😔

பெரியப்பா: அந்தப் பேச்சு இப்போது எதற்கு.

செந்தில்: இப்போதாவது பேசலாம் பெரியப்பா. சேகர் சித்தப்பா போய் 29 வருடம் ஆகிறது. அவருக்குத் திதி கொடுக்கிறோம், வாசித்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. நிதினுக்கு அப்படி ஒரு தாத்தா இருந்தார் என்பதே போன வருடம்தான் தெரியும்.

பெரியப்பா: திமிரால் போனவன். எத்தனை முறை சொன்னேன்.

செந்தில்: திமிர் இல்லை. ஹெராயினை ஒருநாள் நிறுத்தினால் எலும்பெல்லாம் குடையும், வாந்தி, பேதி, தூக்கமே வராது. அதைத் தாங்க மெத்தடோன் என்ற மருந்தை கிளினிக்கில் அளந்து கொடுப்பார்கள். ஜானி வருடக்கணக்கில் அதில் இருந்தார். விட்டார், விழுந்தார், மறுபடி விட்டார். சித்தப்பாவுக்கும் நிறுத்திய மூன்றாம் நாள் வலிப்பு வந்ததே, நான்தான் சைக்கிளில் போய் ஆட்டோ பிடித்தேன். திமிரால் ஒருவனுக்கு வலிப்பு வருமா?

மீனா: அண்ணா, மெதுவாக.

செந்தில்: சரி.

வசந்தா சித்தி: கல்யாணம் ஆனவரா, அந்தப் பிள்ளை?

செந்தில்: ஆனவர்தான் சித்தி. பிள்ளைகள் இருந்தார்கள். மனைவி குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பிரிந்துவிட்டார்.

வசந்தா சித்தி: அவளைக் குறை சொல்லக் கூடாது.

செந்தில்: சொல்லவே மாட்டேன்.

வசந்தா சித்தி: எப்படி இறந்தார்?

செந்தில்: 1991 ஏப்ரலில் ஜெர்மனியில் ஒரு குழுவோடு தன் பழைய பாட்டு ஒன்றைப் பதிவு செய்து கொடுத்தார். அப்புறம் நியூ ஆர்லியன்ஸ் போனார். அந்த ஊர் இசைக்காரர்களைச் சேர்த்துப் புதிதாகத் தொடங்க ஆசை. செயின்ட் பீட்டர் தெருவில் ஒரு சின்ன விடுதி, அங்கே அறையில் இறந்து கிடந்தார். வயது 38. போதையால் என்று முடித்துவிட்டார்கள். இரத்தப் புற்றுநோயும் இருந்ததாகப் பிறகு பேச்சு வந்தது. அறையிலிருந்து பொருள்கள் களவு போயின என்று வீட்டார் சொன்னார்கள், சரியாக விசாரிக்கவில்லை என்று இன்றும் வருத்தம். அடுத்த ஜனவரியில் நோலனும் போய்விட்டார். அவரும் அதே மவுன்ட் செயின்ட் மேரியில்தான். கோபித்துக்கொண்டு போனவர், கடைசியில் ஒரே தோட்டத்தில் படுத்திருக்கிறார்.

வசந்தா சித்தி: இவருக்கும் டாக்டர் ஒரே சொல்தான் எழுதினார். குடி. காமாலை முற்றி வயிறு வீங்கிக் கிடந்தார், அதை எழுதவில்லை.

பாலு மாமா: வசந்தா, அழாதே அம்மா.

வசந்தா சித்தி: அழவில்லை அண்ணா. இதை எழுத 29 வருடம் ஆயிற்று.

திவ்யா: மன்னிக்கவும், கேன்டீனிலிருந்து மறுபடி அழைக்கிறார்கள். 48 சொல்லிவிடட்டுமா?

கார்த்தி: வடை உண்டா?

பாலு மாமா: வடை இல்லாமல் சோறூட்டா

மீனா: குழந்தை வடை சாப்பிடாது மாமா.

பாலு மாமா: குழந்தைக்குக் கேட்கவில்லை

செந்தில்: சித்தி, இன்னொன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சேற்றுச் சத்தம் என்றேனே, அந்த 1977 இசைத்தட்டு, அதன் மூல நாடா தொலைந்துவிட்டது என்றே நாற்பது வருடத்துக்கு மேல் நினைத்திருந்தார்கள். ஒருவருடைய சேகரிப்பில் பத்திரமாக இருந்திருக்கிறது. 2021இல் அதிலிருந்து புதிதாகப் போட்டார்கள். நானும் நிதினும் காரில் கேட்டோம். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்கிறது. அவ்வளவு நன்றாகத்தான் வாசித்திருக்கிறார், கேட்பதற்கு அவர் இல்லை. டால்ஸ் குழுவில் கடைசியாக மிஞ்சியிருந்த பாடகர் ஜொஹான்சனும் போன வருடம் போய்விட்டார். சித்தப்பா வாசித்தது ஒரு கேசட்டாவது இருந்தால் நிதினுக்குக் கேட்கக் கொடுத்திருப்பேன்.

வசந்தா சித்தி: இருந்தது. 1999 மழையில் போய்விட்டது.

மீனா: கிடாரும் விற்றாகிவிட்டது.

பாலு மாமா: சாக்லேட் நிறம். ஜானி மாஸ்டர் கொல்கத்தாவிலிருந்து வரவழைத்துக் கொடுத்தது.

செந்தில்: நான் விமான நிலையத்துக்குக் கிளம்புகிறேன். இரண்டரை ஆகிறது. மாலையில் தோட்டத்துக் கதவைப் பூட்டிவிடுவார்கள், பார்க்கலாம்.

பெரியப்பா: கிடார் பரணில் இருக்கிறது.

மீனா: எந்தக் கிடார்?

பெரியப்பா: சேகருடையது.

பாலு மாமா: அத்தான், விற்றுவிட்டேன் என்றீர்களே

கார்த்தி: மாமா, அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டதே. தூங்கவில்லையா?

பெரியப்பா: தூக்கம் வரவில்லை. அடகுக் கடையில் வைத்திருந்தான். 1996. நான் போய் மீட்டேன். கையில் கொடுத்தால் மறுபடி வைத்துவிடுவான் என்று சொல்லவில்லை. சரியானதும் கொடுக்கலாம் என்று இருந்தேன்.

மீனா: பெரியப்பா...

பெரியப்பா: அப்புறம் கொடுக்க ஆள் இல்லை.

வசந்தா சித்தி: எத்தனை கம்பி இருக்கிறது?

பெரியப்பா: பார்க்கவில்லை. உறையைத் திறந்ததே இல்லை. காலையில் ஆள் வைத்து இறக்குகிறேன் அம்மா.

வசந்தா சித்தி: ஆள் வேண்டாம் பெரியத்தான். நான் மதுரையிலிருந்து காலை வண்டியில் வருகிறேன். நான் வரும் வரை அப்படியே இருக்கட்டும்.

பாலு மாமா: பரணில் கரையான் இருக்கும். மருந்து அடித்தீர்களா?

பெரியப்பா: வருடா வருடம் அடிக்கிறேன்.

கார்த்தி: அம்மா ஜூலையில் ஊருக்குத் திரும்புகிறார்கள். அடுத்த முறை வரும்போது கொண்டு வரலாம். நிதினுக்கு.

மீனா: அது சித்தி முடிவு செய்ய வேண்டியது.

வசந்தா சித்தி: யோசிக்கிறேன்.

வசந்தா சித்தி: முதலில் அந்தப் பையன் வாசிப்பதை ஒரு தடவை அனுப்பச் சொல் செந்தில்.

திவ்யா: 48 சொல்லிவிட்டேன். வடை தனிக் கணக்கு.

ராஜி அத்தை: இறங்கிவிட்டேன். நூறு செய்திக்கு மேல் இருக்கிறது. யார் செத்தது?

கார்த்தி: யாரும் இல்லை அம்மா.

செந்தில்: அத்தை, வெளியே வாசலில் நிற்கிறேன். சாம்பல் நிற வண்டி.

ராஜி அத்தை: ஏதோ கல்லறை என்று எழுதியிருக்கிறாயே. வழியில்தானா?

செந்தில்: இன்று போகவில்லை அத்தை, நேரமாகிவிட்டது. நீங்கள் களைத்திருப்பீர்கள். சனிக்கிழமை கோயிலுக்கு வரும்போது நானும் நிதினும் ஒரு எட்டு போய்விட்டு வருகிறோம்.

கார்த்தி: சனிக்கிழமை காலை நீங்கள்தான் ஐயரை அழைத்து வர வேண்டும் அண்ணா.

செந்தில்: அப்படியானால் அதற்கு முன்னால். பார்க்கலாம்.

ராஜி அத்தை: படித்துக்கொண்டே வருகிறேன். பெட்டி இன்னும் வரவில்லை.

ராஜி அத்தை: அண்ணா, சொல்லிவிட்டாயா?

பெரியப்பா: சொல்லிவிட்டேன்.

மீனா: அத்தை, உங்களுக்கு முன்பே தெரியுமா?

ராஜி அத்தை: அன்றைக்கு ஏணியைப் பிடித்தவளே நான்தான். யாரிடமும் சொல்லாதே என்றான் அண்ணன். சொல்லவில்லை.

வசந்தா சித்தி: 🙏

திவ்யா: அத்தை, பெட்டி?

ராஜி அத்தை: ஒன்று வந்துவிட்டது. வடகம் இருப்பதைக் காணோம்.