பழைய வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம்: பெயிண்டா, டைல்ஸா, துளை போட்டு மருந்தா?

பழையவீட்டுக்காரன்:
வணக்கம். சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய பழைய செங்கல் வீடு, ஒன்றரைக் கல் சுவர் (ஒன்றரைச் செங்கல் நீளத் தடிமன், ஏறக்குறைய பதிமூன்றரை அங்குலம்). கூடத்தின் வெளிப்பக்கச் சுவரில் தரையிலிருந்து ஏறக்குறைய இடுப்பு வரைக்கும் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. விரலால் அமுக்கினால் உடைந்து உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளை உப்பு, அதற்குப் பின்னால் காரை மாவாகக் கொட்டுகிறது. காலையில் பெருக்கினால் சாயங்காலம் சுவரோரம் மறுபடி மாவு. பெயிண்டர் சுரண்டிவிட்டு வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கலாம் என்கிறார். கொத்தனார் இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டால் தொல்லை விட்டது என்கிறார். மூன்றாவதாக ஒருவர் வந்து, கையில் இருந்த ஈரம் பார்க்கும் மீட்டரைச் சுவரில் குத்தி, சிவப்பு விளக்கைக் காட்டி, வரிசையாகத் துளை போட்டு மருந்து ஏற்றினால்தான் தீரும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இன்னொன்று, படுக்கையறையில் அலமாரிக்குப் பின்னால், மேல் மூலையில் கறுப்புப் புள்ளிகள். இரண்டும் ஒரே வியாதிதானா?

காரைப்பூச்சு:
இரண்டும் வேறு வேறு. மேல் மூலையில் கறுப்பாக இருப்பது பூஞ்சை, அநேகமாக அறைக்குள் இருக்கும் காற்றின் ஈரம்தான். மேலே தளத்திலிருந்து ஒழுகினால் பழுப்பு வளையம் விழும், மழை பெய்தால் பெரிதாகும், அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். கூடத்துச் சுவரில் நடப்பது வேறு கதை.

மண்ணில் இருக்கிற தண்ணீர் செங்கல், சாந்து இவற்றின் நுண்துளை வழியாக மேலே ஏறுகிறது. வரும்போது மண்ணிலிருக்கும் உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். ஏறுகிற வேகமும் சுவர் பரப்பில் ஆவியாகிற வேகமும் எங்கே சமமாகிறதோ அங்கே நின்றுவிடும், பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு போக வழியில்லாமல் பூச்சுக்குள்ளேயே படிகமாகிப் பெருத்துக் காரையை உள்ளிருந்து உடைக்கும். நீங்கள் பெருக்கித் தள்ளுகிற மாவு அதுதான்.

இப்போது அந்த வாட்டர் ப்ரூஃப் பெயிண்டை யோசித்துப் பாருங்கள். தண்ணீர் வருகிற வழி திறந்தே இருக்கிறது, வெளியேறுகிற வழியை மட்டும் அடைக்கிறோம். கொஞ்ச காலம் பளபளவென்று இருக்கும், அப்புறம் பெயிண்ட் காரையோடு சேர்ந்து தகடு தகடாகக் கழன்று வரும். டைல்ஸ் ஒட்டினாலும் அதே கதைதான், ஆவியாக இடமில்லாததால் ஈரம் டைல்ஸ் முடிகிற இடத்துக்கு மேலே போய்க் கோடு போடும்.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். காரை உதிராத, ஆனால் ஈரம் தெரிகிற இடத்தில் உள்ளங்கை அளவு அலுமினியத் தாளை வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஓரிரு நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கம் நீர் கோத்திருந்தால் காற்றின் ஈரம். சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அப்புறம் வெளியே போய் அதே சுவரைப் பாருங்கள். முக்கால்வாசி விடை வெளியேதான் இருக்கும்.

சும்மாஒருத்தன்:
எங்கள் வீட்டில் டைல்ஸ்தான் ஒட்டினோம், நன்றாகத்தானே இருக்கிறது? எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி என்று புரியவில்லை.

காரைப்பூச்சு:
@சும்மாஒருத்தன் சுவருக்கு மறுபக்கம் காய வழி இருந்தால் தாங்கும். டைல்ஸுக்கு மேல் விளிம்பில் ஒருமுறை கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

குழாய்ப்புலி:
குழாயை யாருமே சொல்லவில்லையே! சுவருக்குள்ளேயோ தரைக்கு அடியிலோ குழாய் கசிந்தாலும் இதே மாதிரிதான் தெரியும். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாது, காலையில் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் கசிவு. மீட்டர் இல்லையென்றால் தொட்டியின் வால்வை மூடிவிட்டு நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். கழிவுநீர்க் குழாய் கசிவு இதில் சிக்காது, அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

மட்டப்பலகை:
கட்டட வேலையில் இருக்கிறேன், மீட்டர்காரர் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இரண்டு முள் உள்ள அந்த மீட்டர் ஈரத்தை நேரடியாக அளப்பதில்லை, சுவரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்றுதான் பார்க்கிறது. அது மரத்துக்கென்று அளவு வைத்த கருவி. உப்பேறிய காரையில், சுவர் பெரும்பாலும் காய்ந்திருந்தாலும் கூட, சிவப்பைக் காட்டும். உண்மையான அளவு வேண்டுமென்றால் சுவரைத் துளைத்து ஆழத்திலிருந்து தூள் எடுத்து, கால்சியம் கார்பைடோடு மூடிய பாத்திரத்தில் கலந்து, வருகிற வாயுவின் அழுத்தத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். அதைச் செய்யாமல் குத்திக் காட்டுகிறவர் விற்க வந்தவர்.

மருந்து ஏற்றுவது மோசடி என்று சொல்லவில்லை. ஒரே வரிசைச் சாந்தில் 12 மி.மீ. துளைகளை ஏறக்குறைய 12 செ.மீ. இடைவெளியில் போட்டு, தண்ணீரை ஒட்டவிடாத பசையை நிரப்புவார்கள். அது பரவி ஒரு தடுப்பாக வேலை செய்யும். ஆனால் உள்ளே கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பிய சுவர் என்றால் மருந்து பொந்துக்குள் போய்விடும். அதைவிட முக்கியம், வெளியே மண் அந்தத் துளை வரிசைக்கு மேலே நின்றால் மருந்து போட்டும் பயனில்லை, தண்ணீர் அதைத் தாண்டிப் பக்கவாட்டில் உள்ளே வரும். அதனால் இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழையவீட்டுக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. தாள் சோதனையில் சுவர்ப் பக்கம் நனைந்திருந்தது. மீட்டர் எண் நகரவில்லை. வெளியே போய்ப் பார்த்தால் சுவரை ஒட்டியே பூச்செடிப் பாத்தி, மண் வீட்டுத் தரையைவிட ஒரு சாண் உயரம். அதற்குப் பக்கத்தில் பின்னாளில் போட்ட சிமெண்ட் நடைபாதை, அதன் சாய்வு சுவரைப் பார்த்து. வாளித் தண்ணீர் ஊற்றினேன், நேராகச் சுவரடிக்கு ஓடிப் போய் நிற்கிறது. வெளிச்சுவர் முழுக்க சிமெண்ட் பூச்சு, மண்ணுக்குள் வரை இறங்கியிருக்கிறது, தட்டினால் பல இடங்களில் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம். இனி எதை முதலில் செய்வது?

காரைப்பூச்சு:
அப்படியென்றால் உள்ளே இப்போதைக்கு எதையும் தொடாதீர்கள். முதலில் பாத்தி போகட்டும். வெளித்தரை உள்தரையைவிடக் குறைந்தது 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும், முடிந்தால் இன்னும் கீழே. ஆனால் அஸ்திவாரத்துக்கு அடி வரை தோண்டிவிடாதீர்கள், பழைய வீடுகளுக்கு அஸ்திவார ஆழம் ரொம்பக் குறைவாக இருக்கும். நடைபாதையில் சுவரை ஒட்டிய பகுதியை உடைத்து எடுத்துவிட்டுச் சரளை போடுங்கள், மீதியின் சாய்வு வெளிப்பக்கமாகத் திரும்பட்டும். மாடித் தண்ணீர் இறங்குகிற குழாய் எங்கே கொட்டுகிறது என்பதையும் பாருங்கள்.

வெற்றுச் சத்தம் கேட்கிற சிமெண்ட் பூச்சைத் தட்டி எடுத்துவிடலாம். சுண்ணாம்பில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கும், விடும். சிமெண்ட் மேலே வந்ததும் மழைத்தண்ணீர் கீறல் வழியாக உள்ளே போகிறது, திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொள்கிறது.

உள்ளே, உப்புக் கோட்டுக்கு மேல் இன்னும் ஓர் அடி வரைக்கும் காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் செங்கல்லைத் திறந்தே விடுங்கள். பூக்கிற உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளி வெளியே போடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்வதற்குப் பொறுமை வேண்டும். தடிமனில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு, ஒன்றரைக் கல் சுவருக்கு ஒரு வருடத்துக்கு மேலேயே ஆகும். ஹீட்டர் வைத்து அவசரப்படுத்துவது வேண்டாம். ஜன்னல் திறந்திருந்தால் போதும்.

அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு, தரையைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு. மேலே சுண்ணாம்பு அடியுங்கள், இல்லையென்றால் ஆவி வெளியேற விடுகிற பெயிண்ட். பட்டி, ஜிப்சம் இரண்டும் இந்தச் சுவருக்கு ஆகாது.

மட்டப்பலகை:
ஒரு எச்சரிக்கை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், முகக்கவசம் போட்டு லேசாக நனைத்துச் சுரண்டுங்கள். குழந்தைகளை அந்த அறைப் பக்கம் விடாதீர்கள்.

படுக்கையறைக்கு வருகிறேன். அறை 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். பூஞ்சைக்கு அவ்வளவு கூட வேண்டாம், சுவரை ஒட்டிய காற்றில் 80 சதவீத ஈரம் இருந்தாலே போதும். அலமாரிக்குப் பின்னால் காற்று ஓடுவதில்லை, அதனால்தான் அங்கே. ஒரு கையளவு முன்னால் இழுத்துப் போடுங்கள், அறைக்குள் துணி காயவைப்பதை நிறுத்துங்கள், பூஞ்சையை ஈரத்துணியால் துடையுங்கள், உலர்ந்த துணியால் தேய்த்தால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும்.

பழையவீட்டுக்காரன்:
சரி, இந்த வாரம் பாத்தியைக் காலி செய்கிறேன். செடிகளைத் தொட்டிக்கு மாற்ற வீட்டில் சம்மதம் வாங்கியாகிவிட்டது, அதுதான் பெரிய வேலையாக இருந்தது. ஒரே ஒரு சந்தேகம்: அந்தச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு பிளக் பாயின்ட் இருக்கிறது, அதைச் சுற்றியும் உப்பு. அப்படியே விடலாமா?

மட்டப்பலகை:
விடக்கூடாது. அந்த லைனை இன்றைக்கே அணைத்து வையுங்கள், கொத்த ஆரம்பிக்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பெட்டியைக் கழற்றச் சொல்லுங்கள். சுவர் காய்ந்த பிறகு வேறு சுவரில் பாயின்ட் எடுத்துக்கொள்ளலாம்.