துடுப்பு கழன்றதும் கடித்த மீன்

ஏரியில் படகு வலித்துக்கொண்டே ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனைப் பிடித்த அனுபவம் யாருக்காவது உண்டா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு உண்டு. ஆனால் அது துடுப்பு வலிக்கத் தெரியாதவனின் கதை.

கனடாவில் கம்லூப்ஸ் நகருக்குத் தெற்கே மலைமேல் லாக் லெ ஜூன் என்றோர் ஏரி. உயரம் 1,200 மீட்டருக்கு மேல். ஜூன் மாதக் காலையிலும் விரல்கள் விறைத்தன. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் கறுப்புக் கம்பளி நூலைத் தூண்டில் முள்ளில் சுற்றி, வாலுக்கு மெல்லிய இறகு வைத்து அட்டைப்பூச்சி போலக் கட்டியிருந்தார். உலர்ந்திருந்தபோது பார்க்கச் சகிக்கவில்லை. நீரில் நனைத்ததும் உயிருள்ள அட்டையாகவே நெளிந்தது. மூழ்கும் நூலை ஆளுக்கு 25 மீட்டர் விட்டோம். துடுப்பு என் கையில், என் தூண்டில்கோல் தொடைக்கடியில்.

ஒரு மணி நேரம் ஒரே சீராக வலித்தேன். ஒன்றும் கடிக்கவில்லை. உள்ளங்கையில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம். அப்போது ஒரு துடுப்பு கொண்டியிலிருந்து கழன்றது. படகு தயங்கி ஒருபக்கமாகத் திரும்பியது. வெட்கத்தோடு அதை மாட்டிக்கொண்டிருந்தபோது தொடைக்கடியில் கோல் துள்ளியது! பதற்றத்தில் நூல் சுற்றியிருக்கும் ரீலை இறுக்கிப் பிடித்துவிட்டேன். நூல் நுனியில் கட்டியிருந்த மெல்லிய தூண்டில் நரம்பு பட்டென்று அறுந்தது.

பெரியவர் திட்டவில்லை. "இனி இப்படியே தப்பும் தவறுமாக வலி" என்றார். படகு நின்றால் நூல் தாழ்கிறது, அட்டையும் அமிழ்கிறது. மறுபடி வலித்தால் தப்பியோடுவதுபோல் எழும்புகிறது. பின்னாலேயே வந்துகொண்டிருக்கும் மீன் அந்த நொடியில்தான் வாயைத் திறக்கிறதாம். வளைந்து திரும்பும்போது உள்பக்கத்து நூல் மெதுவாகித் தாழும், வெளிப்பக்கத்து நூல் வேகமெடுக்கும். எது கடிபடுகிறது என்று பார்த்தால் அன்றைக்கு மீனுக்கு எந்த வேகம் பிடிக்கிறது என்பது தெரிந்துவிடும். பத்து முறை வலித்து ஒருமுறை ஓய்ந்து, பாம்புபோல் வளைந்து போனோம். மீன் இழுத்தால் நூல் ஓடட்டும் என்று ரீலின் பிரேக்கையும் தளர்த்திவைத்தேன். மதியத்துக்குள் இரண்டு வானவில் ட்ரவுட் ஏறின. பக்கவாட்டில் ஓடிய இளஞ்சிவப்புக் கோடு, கரைக்கு வருவதற்குள் மங்கத் தொடங்கிவிட்டது.

மறுமொழி:

அண்ணா, நீங்கள் லூன் பறவையைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் நீந்துகிறதே, அதுதான். அதே வட்டாரத்தில் பால் ஏரியில் நான் துடுப்பு வலித்தபோது ஒன்று எங்கள் பின்னாலேயே வந்தது. நான் அதை ரசித்துப் படமெல்லாம் எடுத்தேன். பிடித்த ட்ரவுட்டை உள்ளங்கையில் தாங்கி, செவுள் நன்றாக அசையும்வரை காத்திருந்து நீரில் விட்டேன். திரும்பிப் பார்த்தால் லூனைக் காணோம். தெளிந்த நீரில் படகுக்கு அடியில் வெள்ளையாக ஏதோ அம்புபோல் பாய்ந்தது. சற்றுத் தள்ளித் தலை தூக்கியபோது அலகுக்கு வெளியே ஒரு வால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.