வன்னியில் இருந்துகொண்டு நகரங்களை வாசிப்பது: எங்கள் அனுபவங்கள்

கனகபுரம், கிளிநொச்சி

நகரங்களைப் பற்றிய புத்தகம் எதுவாவது சொந்த ஊரைப் பார்க்கும் பார்வையை மாற்றியிருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு மாற்றியது ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதிய புத்தகம். அமெரிக்காவின் பெருநகரங்கள் எதனால் சாகின்றன, எதனால் வாழ்கின்றன என்பதுதான் அதன் பேச்சு. நியூயோர்க்கில் ஹட்சன் தெருவில் குடியிருந்த அவர், அந்தக் காலத்துத் திட்டமிடலாளர்களுக்கு எதிராக, தன் வாசலில் நின்று கண்டதை வைத்தே வாதாடுகிறார். காலையில் கடை திறப்பவர்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், இரவில் வேலை முடிந்து வருபவர்கள் என்று எந்நேரமும் ஆள் நடமாட்டம் இருப்பதால்தான் ஒரு தெருவுக்குக் காவல் என்கிறார்.

அதில் ஓர் அத்தியாயம் பழைய கட்டடங்களைப் பற்றியது. புதிதாகத் தொழில் தொடங்குபவரால் புதுக் கட்டடத்து வாடகையைக் கட்ட முடியாது. போட்ட காசு எப்போதோ திரும்பி வந்துவிட்ட பழைய கட்டடம்தான் அவருக்கு இடம் கொடுக்கும். ஆகவே ஒரு தெருவில் பல வயதுக் கட்டடங்கள் கலந்து நிற்க வேண்டுமாம். இதை வாசித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. போர் முடிந்த 2009இல் கிளிநொச்சியில் பழைய கட்டடம் என்று எத்தனை நின்றன? தண்ணீர்த் தாங்கியே நிலத்தில் சரிந்து கிடந்தது.

பிறகுதான் யோசித்தேன். மீள்குடியேறிய காலத்தில், கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியோரம் தகரமும் தறப்பாளும் போட்டுத் தொடங்கிய கடைகள் இருந்தனவே, அவை செய்தது அதே வேலைதான். சைக்கிள் திருத்துபவர், தையல் மெசினோடு வந்த அக்கா, தேத்தண்ணிக் கடை என்று கையில் காசில்லாதவர்கள் அங்கேதான் எழும்பினார்கள். இப்போது அதே வரிசையில் வங்கிகளும் லீசிங் கொம்பனிகளும் கண்ணாடி முகப்போடு நிற்கின்றன. கட்டடம் வரட்டும், எங்கள் சனம் தறப்பாளுக்குக் கீழே கிடந்தது போதும். ஆனால் கணவனை இழந்த ஒரு பெண் இன்றைக்குச் சின்னதாக ஒரு கடை போட நினைத்தால் எங்கே போவாள்? நகரத்தைத் திட்டமிடுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்குப் போரைத் தவிர வேறு வரலாறு இல்லை என்று வெளியில் இருந்து வருபவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளும் அப்படியே நம்புகிறார்கள். கிளிநொச்சி 1936இல் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பித் தொடங்கிய குடியேற்றத் திட்டம். வாய்க்கால் எங்கே போனதோ அதை ஒட்டியே வயல்காணியும் மேட்டுக்காணியும் பிரிபட்டன, பாதைகளும் அமைந்தன. இந்த ஊரில் இடியாமல் மிஞ்சிய பழைய அமைப்பு என்றால் அந்த வாய்க்கால்கள்தான். நகர வரலாறு எழுதுபவர்கள் கோட்டையையும் தேவாலயத்தையும் தேடுவார்கள். இங்கே வாய்க்கால் கட்டில் நடந்தால் போதும்.

முள்ளியவளை

தம்பி வாய்க்காலைச் சொன்னதால் எழுதுகிறேன். நான் ஓய்வு பெற்ற அரச உத்தியோகத்தன். ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளைப் பற்றி 1895இல் வெளியிட்ட கையேட்டின் மறுபதிப்பு ஒரு நண்பர் மூலம் கைக்கு வந்தது. நகரத்தைப் பற்றிய புத்தகம் என்று அதைச் சொல்ல முடியாது. காடும் குளமும் கிராமமும்தான் நிறைய. ஆனால் எனக்குத் தெரிந்த குளங்களின் பெயர்களை நூறு வருடத்துக்கு முந்திய அச்சில் பார்த்தது பெரிய சந்தோஷம். வரி அறவிடும் ஆளின் கண்ணால் எழுதியது என்பதை மறக்காமல் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் நகரம் என்றால் எனக்கு வட்டாப்பளைப் பொங்கல்தான். வைகாசியில் முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் கடல் நீரில் விளக்கெரியும். அப்புறம் வட்டாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல். வயலும் பனையுமாக இருந்த இடத்தில் கடைத்தெரு முளைக்கும், தண்ணீர்ப் பந்தல் வரும், எந்தெந்த ஊர் ஆட்களோ பாயைப் போட்டு விடியவிடியக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். சில நாளில் எல்லாம் கலைந்துவிடும். இப்படி வந்து வந்து போகும் நகரங்களைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும்.

வவுனியா

நான் வளர்ந்தது தமிழ்நாட்டில் ஓர் அகதி முகாமில். எங்கள் குடும்பம் மலையகத்தைச் சேர்ந்தது, 1977 இனக் கலவரத்தின் பின் வன்னிக்கு வந்தவர்கள். முகாமுக்குப் பக்கத்து ஊர் நூலகத்தில்தான் எஸ். முத்தையா சென்னையைப் பற்றி எழுதியதை வாசித்தேன். ஒவ்வொரு வீதியாக, ஒவ்வொரு கட்டடமாக, யார் கட்டினார்கள், பிறகு யார் கைக்கு மாறியது என்று சொல்லிக்கொண்டே போவார். அவர் இலங்கையில் பல வருடம் பத்திரிகையாளராக இருந்துவிட்டு 1968இல் சென்னைக்குப் போனவர் என்று பிறகு அறிந்தேன். வந்தேறிய ஒருவர்தான் அந்த நகரத்தை அவ்வளவு பொறுமையாகத் தேடியிருக்கிறார்.

இது எனக்கு எவ்வளவு தைரியம் கொடுத்தது என்று சொல்லத் தெரியவில்லை. வவுனியாவில் எங்களைப் பார்த்து ‘நீங்கள் எந்த ஊர்?’ என்று இன்னும் கேட்பார்கள். மூன்று தலைமுறை இந்த மண்ணில் காடு வெட்டி, கிணறு தோண்டி, கூலிக்குப் போய் வாழ்ந்த பிறகும் கேட்பார்கள். வன்னியின் நகரங்களை எழுத வருபவர்கள் எங்கள் அம்மம்மாமாரிடமும் வந்து கேளுங்கள். அவர்கள் சொல்வதற்கு நிறைய வைத்திருக்கிறார்கள்.

கனகபுரம், கிளிநொச்சி

தங்கச்சி, கட்டாயம் வருகிறோம். நானும் உயர்தர மாணவர்கள் சிலரும் இப்போது ஊர்ப்படம் ஒன்று வரைந்துகொண்டிருக்கிறோம். 1990க்கு முன், 2002இல் போர்நிறுத்தத்தோடு ஏ9 பாதை திறந்த பிறகு, இன்றைக்கு என்று மூன்று காலத்துக்கும் கடைத்தெருவைத் தனித்தனியாக வரைகிறோம். பழைய சந்தை எதுவரைக்கும் இருந்தது என்பதில் இரண்டு ஐயாமார் இன்னும் ஒத்துவரவில்லை. இரண்டு பேர் சொன்னதையும் வேறு வேறு நிறத்தில் குறித்திருக்கிறோம்.

எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பழைய பேர்மிட் (காணி அனுமதிப்பத்திரம்) யாரிடமாவது தப்பியிருந்தால், காணி எல்லைகள் எழுதிய பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். இடப்பெயர்வில் பலர் அதைத் தொலைத்துவிட்டார்கள். பெயரையும் இலக்கத்தையும் மறைத்துவிட்டு அனுப்பினால் போதும். எல்லையில் எந்த வாய்க்கால், எந்த ஒழுங்கை என்பதுதான் எங்களுக்குத் தேவை.