தேய்ந்துபோன .243 பேரல்: அடுத்து எந்தத் தோட்டாவுக்கு மாறலாம்?

காட்டுவழி:

வணக்கம். என்னிடம் இருப்பது ஒரே ரைஃபிள்தான். ரெமிங்டன் 700, ஷார்ட் ஆக்‌ஷன் (குட்டைத் தோட்டாக்களுக்கானது), .243 வின்செஸ்டர் தோட்டா. பதினாறு வருஷமாக என்னோடு இருக்கிறது. போன சீசன் வரைக்கும் 100 கஜத்தில் மூன்று குண்டும் ஓர் இன்ச்சுக்குள் விழும். இப்போது மூன்று இன்ச் சிதறுகிறது. ஸ்கோப்பை மாற்றிப் பார்த்தேன், மவுண்ட் திருகுகளை இறுக்கிப் பார்த்தேன், பேரலுக்குள் படிந்த செம்பை முழுக்க எடுத்தும் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. கடைசியில் துப்பாக்கி மெக்கானிக் போர்ஸ்கோப் (பேரலுக்குள் பார்க்கும் கருவி) விட்டுக் காட்டினார். சேம்பரைத் தாண்டியதும் வருகிற த்ரோட் பகுதி வற்றிய குளத்து மண் மாதிரி பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. பேரலை மாற்றியே ஆக வேண்டும்.

மாற்றுவது என்று ஆனபின் அதே .243-க்குப் போக எனக்கு மனசில்லை. காரணம் ஒரு மான். இரண்டு சீசனுக்கு முன்னால், 120 கஜத்தில் சாய்வாக நின்ற பெரிய ஆண் மான் ஒன்றை 100 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) ஈயமுனைக் குண்டால் சுட்டேன். தோள் எலும்பில் பட்டது. குண்டு மறுபக்கம் வெளியே வரவில்லை. தரையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. இருட்டும்வரை தேடினேன், மறுநாள் காலையில்தான் புதருக்குள் கிடைத்தது. அந்த ராத்திரி நான் தூங்கவில்லை. அதனால் முதல் தேவை இதுதான்: குண்டு மறுபக்கம் துளைத்து வெளியேற வேண்டும், பின்தொடர ரத்தத் தடம் வேண்டும்.

மற்ற விவரங்கள்: அடர்ந்த காடு. 60 முதல் 200 கஜம்தான் வழக்கம், 300-க்கு மேல் நான் சுடுவதே இல்லை. வலது தோள்பட்டை எலும்பு ஒருமுறை முறிந்து சேர்ந்தது. நண்பரின் .308-ல் பத்துத் தோட்டா சுட்டதும் உதைக்குப் பயந்து கண்ணை மூட ஆரம்பித்துவிட்டேன். நான் போகிற காட்டில் வரும் சீசனிலிருந்து ஈயக் குண்டு கூடாது, செப்புக் குண்டுதான். தோட்டாவை நானே நிரப்புகிறேன், .243 காலிக்கூடுகள் (சுட்டபின் மிஞ்சும் பித்தளை உறைகள்) இருநூறுக்கு மேல் இருக்கின்றன.

மனதில் இருப்பவை 7எம்எம்-08, 6.5 க்ரீட்மோர், .260 ரெமிங்டன். என் தம்பி .300 டபிள்யூஎஸ்எம் (வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம்) போடச் சொல்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பழையபோல்ட்:

தம்பி சொல்வதை முதலில் ஒதுக்கிவிடுங்கள். .243-ம் அதன் தாயான .308-ம் 0.473 இன்ச் அடிவிளிம்பு கொண்ட கூடுகள். உங்கள் போல்ட் முகம் (கூட்டின் அடி வந்து பொருந்தும் இடம்) அந்த அளவுக்குக் கடையப்பட்டது. டபிள்யூஎஸ்எம் கூட்டின் அடி அதைவிடத் தடிமன். போல்ட்டையே மாற்ற வேண்டும், மேகசின் உதடுகள் ஒத்துழைக்காது, உங்கள் தோள் அதைவிட ஒத்துழைக்காது.

மீதி மூன்றுக்கும் இப்போதிருக்கும் போல்ட்டும் மேகசினும் போதும். .260-ஐ நான் தள்ளிவைப்பேன். 1997-ல் வந்த நல்ல தோட்டா, ஆனால் .308 கூட்டைச் சுருக்கி எடுத்தது, கூடு 2.035 இன்ச். மேகசினுக்குள் அடங்க வேண்டுமானால் மொத்த நீளம் 2.8 இன்ச்சைத் தாண்ட முடியாது. நீளமான 6.5 குண்டு கூட்டுக்குள் ஆழமாக இறங்கி வெடிமருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் 2007-ல் வந்த க்ரீட்மோரின் கூட்டை 1.920 இன்ச்சோடு நிறுத்தினார்கள்.

ஆக, 7எம்எம்-08-ஆ க்ரீட்மோரா என்பதுதான் கேள்வி. என் ஓட்டு 7எம்எம்-08-க்கு. 1980 முதல் இருக்கிறது. கம்பெனித் தோட்டாவில் 140 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 2,800 அடி. உங்கள் .243-ல் 100 கிரெய்ன் 2,960 அடி. உதை .243-க்கும் .308-க்கும் நடுவில்.

நெடுந்தூரம்:

நான் க்ரீட்மோர்காரன், எட்டு வருஷமாக. நீங்கள் கேட்டது துளைப்பு. அப்படியானால் செக்‌ஷனல் டென்சிட்டியை, அதாவது குறுக்களவுக்கு எவ்வளவு எடை என்ற கணக்கைப் பாருங்கள்: 6.5-ல் 140 கிரெய்னுக்கு 0.287. 7எம்எம்-ல் அதே எடைக்கு 0.248. உங்கள் பழைய 100 கிரெய்னுக்கு 0.242. அதாவது 7எம்எம்-08-க்கு மாறி 140 போட்டால் அந்தக் கணக்கில் நீங்கள் பெரிதாக எதுவும் ஏறவில்லை. எடுத்த எடுப்பிலேயே பேரல் 1:8 ட்விஸ்ட்டில் (உள்வரிகள் எட்டு இன்ச்சுக்கு ஒரு சுற்று) கிடைக்கும், கம்பெனித் தோட்டாவும் எங்கும் கிடைக்கும். உதையும் ஒரு படி குறைவு, உங்கள் தோளுக்கு அது முக்கியம்.

பழையபோல்ட்:

கணக்கு சரி, ஈயக் குண்டுக்கு. ஈயக் குண்டு உடைந்து எடை இழக்கும். அதனால் ஆரம்பத்தில் நீளமும் எடையும் கூடுதலாக இருந்தால் நல்லது. செப்புக் குண்டு இதழ் விரிந்தபின்னும் எடையை ஏறக்குறைய முழுசாக வைத்துக்கொள்ளும். அவர் மானைத் தொலைத்ததற்கு நான் காலிபரைவிடக் குண்டைத்தான் காரணம் சொல்வேன். அன்றைக்கு .243-லேயே 80, 85 கிரெய்ன் செப்பு இருந்திருந்தால் அந்தத் தோளைத் தாண்டிப் போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

துளைப்பைச் செப்பே பார்த்துக்கொள்ளும் என்றால் மிச்சம் இரண்டு விஷயம். ஒன்று, துளையின் அகலம்: 6.5 குண்டின் 0.264 இன்ச்சைவிட 7எம்எம் குண்டின் 0.284 பெரிது, ரத்தத் தடத்துக்கு அது கொஞ்சம் உதவும். இரண்டு, வேகம். பல செப்புக் குண்டுகள் வினாடிக்கு 2,000 அடிக்குக் கீழே போனால் முழுதாக விரியாது. எனவே செப்பில் எடையைக் குறைத்து வேகத்தைக் கூட்ட வேண்டும். 7எம்எம்-08-ல் 120 கிரெய்ன் செப்பு இதற்கென்றே அமைந்த மாதிரி, உதையும் 140-ஐவிட இளகும். 400 கஜத்துக்கு மேல் சுடுகிறவராக இருந்தால் நானே அவரை க்ரீட்மோருக்கு அனுப்பியிருப்பேன். 200 கஜத்தில் இரண்டு தோட்டாவின் இறக்கத்துக்கும் வித்தியாசம் தேடினால்கூடக் கிடைக்காது.

ட்விஸ்ட் மட்டும் கவனம். ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைவு, ஆகவே அதே எடைக்குக் குண்டு நீளும். 1:9.5 வேண்டாம், 1:9 அல்லது அதைவிட வேகமாகக் கேளுங்கள்.

பித்தளை:

கூட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. .243 கூட்டின் கழுத்தை விரித்து 7எம்எம்-08 ஆக்கலாம், இரண்டும் .308-ன் பிள்ளைகள்தான். ஆனால் தயவுசெய்து செய்யாதீர்கள். அடியில் ".243" என்றே முத்திரை இருக்கும். பத்து வருஷம் கழித்து அந்த டப்பாவை வேறொருவர் திறப்பார், அவரிடம் ஒரு .243 இருக்கும். 7எம்எம்-08 முத்திரையோடு புதுக் கூடு நூறு வாங்குங்கள். பழையதை .243 வைத்திருக்கும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

காட்டுவழி:

எல்லோருக்கும் நன்றி. பித்தளை சொன்னது சுருக்கென்றது. கூட்டை விரிக்கும் எண்ணத்தில்தான் இருந்தேன். விட்டுவிட்டேன்.

பழையபோல்ட் அண்ணா, இன்னும் இரண்டு சந்தேகம். பேரல் 22 இன்ச் போதுமா, 24 வேண்டுமா? த்ரோட்டை எவ்வளவு நீளம் கடையச் சொல்வது?

பழையபோல்ட்:

22 போதும். ஓர் இன்ச் குறைந்தால் சுமார் 20 முதல் 30 அடி வேகம் போகும், அவ்வளவுதான். புதருக்குள் நடக்கிறவருக்கு அந்த இரண்டு இன்ச் பெரிய நிம்மதி.

த்ரோட்டை வாயால் சொல்லாதீர்கள். மருந்தும் பிரைமரும் இல்லாத டம்மித் தோட்டா ஒன்று செய்யுங்கள். நீங்கள் சுடப்போகும் அதே 120 கிரெய்ன் செப்பை வைத்து, மேகசினில் தடையில்லாமல் ஏறி இறங்கும் நீளத்தில். அதைக் கையில் கொடுத்து, "இதற்குக் கடைந்து கொடுங்கள்" என்று சொல்லுங்கள். செப்புக் குண்டு பேரலின் உள்வரிகளைத் தொடுவதற்கு முன் கொஞ்சம் ஓட இடம் கேட்கும், சிலது 0.050 இன்ச் தள்ளி வைத்தால்தான் சிதறாமல் ஓரிடத்தில் விழும். அதையும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. உங்கள் 700-ல் சேவேஜ் ரைஃபிள் மாதிரி பேரலைச் சரிசெய்து இறுக்கும் பேரல் நட் கிடையாது. பேரலின் தோள், நடுவில் ரிகாயில் லக் (உதையை மரத்துக்குக் கடத்தும் தகடு), பிறகு ரிசீவர். சேம்பரைக் கடையும் ரீமர் எவ்வளவு ஆழம் போகிறதோ அதுதான் ஹெட்ஸ்பேஸை (மூடிய போல்ட்டுக்கும் சேம்பரில் கூடு தங்கும் இடத்துக்கும் உள்ள தூரம்) முடிவுசெய்யும். அதை அளக்கும் இரண்டு அளவுக்கட்டைகளில் கோ கேஜில் போல்ட் மூட வேண்டும், நோ-கோ கேஜில் மூடக் கூடாது. வாங்கும்போது உங்கள் கண் முன்னால் இரண்டையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார்.

நெடுந்தூரம்:

செப்பு என்ற விஷயத்தை நான் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். 200 கஜத்துக்கு 7எம்எம்-08 எடுங்கள். உரிமத்தில் காலிபர் எழுதியிருந்தால் பேரல் வருவதற்கு முன்பே அதைத் திருத்த விண்ணப்பித்துவிடுங்கள், அதுதான் தாமதமாகும்.

காட்டுவழி:

முடிவாகிவிட்டது. 7எம்எம்-08, 22 இன்ச், 1:9. டம்மித் தோட்டா நேற்று செய்தேன், 2.790 இன்ச்சில் மேகசினில் சிக்காமல் ஏறுகிறது. மெக்கானிக்கிடம் கொடுத்தாயிற்று. பேரல்மேல் புதுப் பெயரைத் தெளிவாகப் பொறிக்கச் சொன்னேன். உரிமத் திருத்தத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். பழைய கூடுகள் ஒரு நண்பரின் மகனுக்குப் போகின்றன, அவன் இப்போதுதான் .243-ல் பழகுகிறான். பேரல் வந்ததும் முதல் டார்கெட் தாளை இங்கே போடுகிறேன்.