பாக்டீரியா மரபணுவைக் கைமாற்றியதை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அகார்_தட்டு:
எம்.எஸ்சி. பிராக்டிகல். வழக்கமான ஈ.கோலை கான்ஜுகேஷன்தான், அதாவது இரண்டு பாக்டீரியா ஒட்டிக்கொண்டு மரபணுவைக் கைமாற்றுவது. ஈ.கோலையில் ஒரு வகை ஆம்பிசிலினுக்கு அசையாது, இன்னொரு வகை ஸ்ட்ரெப்டோமைசினுக்கு. இரண்டு மருந்தும் போட்ட அகாரில் தனித்தனியாகப் பூசிய தட்டுகள் மறுநாள் காலியாக இருந்தன. கலந்து பூசிய தட்டைத் திருப்பினால் வெள்ளை வெள்ளையாகக் காலனிகள்! இரண்டு எதிர்ப்பும் ஒரே செல்லில் சேர்ந்துவிட்டது. 1946இல் லெடர்பெர்க், டாட்டம் என்ற விஞ்ஞானிகள் இதைக் கண்டதைப் புத்தகத்தில் படித்தது வேறு, அந்தத் தட்டைக் கையில் பிடித்தது வேறு.

வார்டு_லேப்:
ஐ.சி.யூ.வில் ஒருவர் சிறுநீரில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா, மெரோபெனெம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக்குக் கேட்கவில்லை. சில நாள் கழித்துப் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஈ.கோலை. வேறு இனம், ஆனால் மெரோபெனெம் தோய்த்த காகித வட்டின் விளிம்புவரை வளர்ந்து நின்றது. சோதித்ததில் இரண்டிலும் அந்த மருந்தைச் சிதைக்கும் என்.டி.எம். மரபணு. எங்கள் வார்டில்தான் கைமாறியிருக்கிறது. அந்த வட்டு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

நண்டு_ஓடு:
@வார்டு_லேப் மரபணு ஒன்று என்பதால் வார்டில் கைமாறியது என்று எப்படிச் சொல்வது? இருவரும் வெளியிலிருந்தே கொண்டுவந்திருக்கலாம். அந்த மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட்டின் (செல்லுக்குச் செல் கைமாறும் சிறு டி.என்.ஏ. வளையம்) முழு வரிசையைப் பார்த்தீர்களா? அப்புறம், இரண்டு செல் ஒட்டிக்கொண்டால்தான் ஆகும் என்றும் இல்லை. காலரா கிருமி நண்டு ஓட்டில் உள்ள கைட்டின் என்ற பொருளின்மேல் குடியேறினால், வெளியே கிடக்கும் டி.என்.ஏ.வைத் தானே எடுத்துக்கொள்ளும். இந்தியானா பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட வீடியோவை ஒரு செமினாரில் போட்டார்கள். கிருமியின் பிலஸ் என்ற மெல்லிய இழை நீண்டு, நுனியால் டி.என்.ஏ.வைப் பற்றி உள்ளே இழுத்தது. அரங்கமே மூச்சுவிடவில்லை.

வார்டு_லேப்:
முழு வரிசை பார்க்கவில்லை, சரி. ஆனால் பிறகு அந்த முதல் நோயாளியின் மலத்தில் எடுத்த ஈ.கோலையிலும் அதே மரபணு வந்தது. ஒரே குடலில் இரண்டு இனம். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழைய_டெமான்ஸ்ட்ரேட்டர்:
ஒரு மாணவியின் கலப்புத் தட்டில் ஒரு காலனிகூட வரவில்லை. ஷேக்கரில் வேகமாகச் சுற்றவிட்டிருந்தாள். வாடிப்போன அந்த முகத்துக்காகவே எழுதுகிறேன். பிராக்டிகல் செய்யப்போகிற பிள்ளைகளே, கலந்தபின் குலுக்காதீர்கள், ஜோடி பிரிந்துவிடும். பாரிஸில் வோல்மன், ஜாக்கோப் என்ற விஞ்ஞானிகள் 1950களில் மிக்ஸியில் அடித்துத்தான் கைமாற்றத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். 37 டிகிரியில் அசையாமல் இருக்கட்டும். ராத்திரி முழுக்க வளர்ந்த கல்சரை அப்படியே எடுக்காமல், புதிதாக வளர்கிறதை எடுங்கள். தனித்தனித் தட்டுகளை விட்டுவிடாதீர்கள், அவை இல்லாமல் கலப்புத் தட்டுக்கு மதிப்பே கிடையாது. ஆம்பிசிலின் தட்டை ரொம்ப நேரம் விட்டால் பெரிய காலனியைச் சுற்றி, மருந்து அழிந்த இடத்தில், எதிர்ப்பில்லாதவையும் பொடிப்பொடியாக வரும், அவற்றை எண்ணிவிடாதீர்கள். முடிந்ததும் எல்லாத் தட்டையும் ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி கொல்லும் கருவி) 121 டிகிரியில் வையுங்கள். சிங்கில் கழுவிவிட்டால் அந்தப் பிளாஸ்மிட் நேரே சாக்கடைக்குத்தான் போகும்.