புதுப்பிப்பு: ரெண்டு வண்டி பெட்ரோல் செலவு, மூணு மாசம் கழிச்சு

அவிநாசியிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்கு நானும் வீட்டுக்காரம்மாவும் தனித்தனி வண்டியில போறோம், பெட்ரோலுக்கே மாசம் 3,200 ரூபாய் ஆகுதுன்னு முன்னாடி புலம்பியிருந்தேனுங்க. பையனோட ஸ்கூல் வேன் 1,200 தனி. "அம்மணிய இலவச பஸ்ல அனுப்புங்க"ன்னு நிறையப் பேர் சொன்னீங்க. செஞ்சு பார்த்தாச்சு.

2021 மே மாசத்திலிருந்தே சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைதான். ஆனா அது அரசு பஸ்ஸுக்கு மட்டும். நம்ம பக்கம் தனியார் டவுன் பஸ் எத்தனை ஓடுதுன்னு தெரியுமல்லோ? முன்னாடி வர்றது அதுதான். காலையில எட்டரைக்குள்ள உள்ள போகோணும், பிந்தினா சம்பளத்துல கை வைப்பாங்க. அதனால வாரத்துல ரெண்டு நாள் காசு குடுத்துத்தான் ஏர்றாங்க. அது மாசம் 350 வரைக்கும் போகுது.

ஒன்றரை ஷிப்ட் ஓடுற நாள்ல, அதாவது அவங்களுக்கு வேலை நேரம் நீளுற நாள்ல, நான் கம்பெனி வாசல்ல நின்னு கூட்டிட்டு வந்தர்றேன். அரை மணி நேரம் கொசுக்கடி, அதுக்கு ரெண்டு டீ. அதையும் கணக்குல சேர்த்துட்டேனுங்க!

எல்லாம் போக மாசம் 1,200 கிட்ட மிச்சம். வேன் காசு அதுலயே கழிஞ்சுது. அவங்க ஸ்கூட்டர விக்கலாமான்னு கேட்டேன். மொறைச்சாங்க, விட்டுட்டேன்.

திருப்பூருக்கே குடி போகச் சொன்னவங்களுக்கு: வாடகை விசாரிச்சோம். மிச்சமாகற பெட்ரோல் காசு அதுக்குப் பத்தாதுங்க.